தேனியில் வைஃபை 15 கிலோமீட்டர் ஓடிய கதை



என்னிடம் படித்தவர்களில் பலர் இப்போது நெட்வொர்க் வேலையில் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலில் நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் புரியும், பயப்படாமல் படியுங்கள்.

மலைக்கோட்டை உச்சியில் நின்றால் காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரிகிறது. நேர்கோட்டில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். வீட்டு வைஃபை அடுத்த அறைக்கே திணறுகிறதே, அங்கிருந்து இங்கே எட்டுமா? தேனியில் அதைப்போல் ஐந்து மடங்கு தூரம் எட்ட வைத்தார்கள்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேனிக் கிளை 1985இல் வந்தது. ஊர் ஊராக முகாம் போட்டும், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் வந்தார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. நமக்கு ஜோசப் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு டவுன் பஸ் போதும். கூலிக்குப் போகிறவருக்கு தேனி போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் 2004 முதல் கிராமங்களில் சிறு கண் மையங்கள் திறந்தார்கள். முதலாவது அம்பாசமுத்திரத்தில் (திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது தேனி பக்கத்து ஊர்). நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டும். அதற்கு வேகமான இணைப்பு எங்கே?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு உதவிக்கு வந்தது. கோபுரம் போல் உயரத்தில் ஆன்டெனா, ஒன்றுக்கொன்று நேர் பார்வை, மலிவான வைஃபை பெட்டி, லினக்ஸ். சிக்னல் எட்டியது. ஆனால் வேகம் படுத்துவிட்டது.

காரணத்தை நம் வகுப்பு வருகைப் பதிவில் சொல்கிறேன். பெயரைக் கூப்பிட்டு, "உள்ளேன் அம்மா" கேட்ட பிறகுதான் அடுத்த பெயர். பிள்ளை மைதானத்தின் கோடியில் நின்றால் குரல் வரத் தாமதமாகும். அதற்குள் நான் அதே பெயரை மறுபடி கத்துவேன். வைஃபையும் அப்படித்தான். ரேடியோ அலை 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். ஓர் அறைக்காகச் செய்த பெட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. போதாததற்கு, எதிர்முனை பேச ஆரம்பித்தது இந்த முனைக்கு உடனே கேட்காது. இரண்டும் சேர்ந்து பேசி மோதிக்கொள்ளும்.

பெட்டியை மாற்றவில்லை, மென்பொருளை மாற்றினார்கள். இவ்வளவு நேரம் நீ, இவ்வளவு நேரம் நான் என்று முறை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்காமல் மொத்தமாக ஒரு பதில் போதும் என்றார்கள். வழியில் கொஞ்சம் தொலைந்தாலும் மீட்கும்படி உபரித் தகவலும் சேர்த்து அனுப்பினார்கள். வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது. 2007இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு வெனிசுலாவில் வைஃபை 382 கிலோமீட்டர் வரை போனது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்த ஆண்டு வந்த கட்டுரை. இணைப்பு அடிக்கடி செத்ததற்கு முக்கியக் காரணம் ரேடியோவே அல்ல, கரன்ட்! வோல்டேஜ் எகிறினால் போர்டு கருகும். குறைந்தால் பெட்டி பாதியில் தொங்கும், மெமரி கார்டு கெடும். தேனியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி "லைன் இல்லை"தான். பேட்டரியும், வோல்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கும் சாதனமும் வைத்த பிறகு தொல்லை குறைந்தது. கோளாறு பார்க்க ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியுமா? உள்ளூர் ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். புகழ் கட்டுரை எழுதியவர்களுக்குப் போனது. வெயிலில் ஏணி ஏறியவர்களுக்கு அதில் பாதியாவது சேர வேண்டும் என்பது என் கட்சி.

நெட்வொர்க் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் கரன்ட் கோளாறு எந்த வேஷத்தில் வருகிறது? கீழே எழுதுங்கள்.