மைனிங் கார்டும் மைன்ஸ் ஊர்க்காரனும்

போன சனிக்கிழமை காலையில் பையன் ஒரு பேப்பரை நீட்டினான். கேமிங் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான் பட்டியல். வயது 14. சொன்ன மார்க்கை வாங்கிவிட்டதால் தங்கமணியும் அவன் கட்சி. 3,000 திர்ஹாமுக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். பட்டியலின் கூட்டுத்தொகை 3,640.

இருபது வருஷமாக வங்கியில் அடுத்தவர்களின் கடன் மனுவைக் கிளறிக்கொண்டிருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? "கிராபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிடு. அறுநூறு மிச்சம்" என்றேன். பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அப்பா, அதுல நிறைய மைனிங் கார்டு. ராத்திரி பகலா ஓடித் தேஞ்சது. வாங்கக் கூடாது."

மைனிங்! அதுவும் கே.ஜி.எஃப்.காரனிடம்!

விஷயம் தெரியாதவர்களுக்கு: எதீரியம் போன்ற டிஜிட்டல் நாணயங்களை "வெட்டி எடுக்க" ஆயிரக்கணக்கான கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டி இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2017-18லும் 2021லும் கார்டு விலை தாறுமாறாக ஏறியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எதீரியம் வேறு முறைக்கு மாறியது. அன்றோடு அந்தச் சுரங்கம் மூடல். வேலையிழந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன.

சுரங்கம் மூடுவது, உள்ளே உழைத்துத் தேய்ந்ததை வெளியே யாரும் வாங்க மாட்டேன் என்பது... எங்கேயோ பார்த்த கதையாக இல்லை? எனக்கு இருந்தது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன். பொறுத்தருள்க.

எங்கள் ஊரில் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டன. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து கணக்கு வைத்தால் 120 வருஷம், சுமார் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அதில் 28 வருஷம் கூண்டில் இறங்கி ஏறியவர் என் அப்பா. மூடும்போது அவருக்கு 51 வயது. அந்த வயதில் வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? ஊரில் பலரையும் போல மாரிகுப்பத்தில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். சுமார் நூறு கிலோமீட்டர். போய்வரவே தினமும் ஐந்து மணி நேரம்.

செட்டில்மெண்ட் பணத்தை மூன்றாகப் பிரித்தார். அக்கா கல்யாணம், வீட்டுக் கடன், மீதி பேங்க் டெபாசிட். 2002ல் நான் பி.காம். முடித்தேன். "டேலி தெரியலைன்னா வேலை கிடையாதுப்பா. வீட்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா நல்லா கத்துக்கலாம்" என்றேன். ஒரு வாரம் யோசித்தார். டெபாசிட்டிலிருந்து 25,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.

நான் சொன்னது பாதி நிஜம். டேலியை ஓட்ட அன்றைக்கு இருந்ததிலேயே மட்டமான பொட்டி போதும். ராபர்ட்சன்பேட்டையில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய கை எனக்கு. நண்பன் வீட்டில் மேக்ஸ் பெய்னைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு வேண்டியது விளையாடுகிற பொட்டி. அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

சரி, சாமானைத் தனித்தனியாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்ட முடியும் என்பதே எப்படி வந்தது? இந்தக் கதை பையனுக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை அவசரமாகக் கொண்டு வந்தது. எல்லாவற்றையும் தானே செய்ய நேரமில்லை. பிராசஸரை இன்டெல்லிடமும் டாஸை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கியது. உள்ளமைப்பையும் வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுத்தது. அடுத்த வருஷமே காம்பேக் அதைப் போலவே ஒன்றை அறிவித்தது. பிறகு தைவான் கம்பெனிகள் போர்டுகளைச் செய்து குவித்தன. 1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒருவர் செய்த போர்டு இன்னொருவர் செய்த டப்பாவில் கச்சிதமாக உட்காருவதற்கு அதுதான் காரணம். இன்றைக்கு என் பையன் வாங்கும் கேபினெட்டிலும் அதே அளவுகோல்தான்.

இந்தியாவில் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1978ல் ஐ.பி.எம். நாட்டை விட்டே போனது. 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1991க்குப் பிறகு இன்னும் கொஞ்சம். 1997ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர், சிப், ஹார்ட் டிஸ்க் போன்றவற்றின் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005க்குள் பூஜ்யமாக வேண்டும். காமர்ஸ் படித்தவன் என்பதால் சொல்கிறேன். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு, டில்லி நேரு பிளேஸ் இவற்றின் பொற்காலம் இந்த வரி இறங்கிய காலத்தோடு சேர்ந்தே வந்தது. 2002ல் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் மகன் 25,000 ரூபாயோடு கடை ஏற முடிந்ததற்குப் பின்னால் ஜெனீவாவில் யாரோ போட்ட கையெழுத்தும் இருந்தது.

இனி விளையாட்டு. 1996ல் 3டி.எஃப்.எக்ஸ். கம்பெனியின் வூடூ வந்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண விளையாட்டு சூடு பிடித்தது. 1999ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256. 2000ல் அதன் ஏழைப் பங்காளன் ஜீஃபோர்ஸ் 2 எம்.எக்ஸ். அதே வருஷம் ஏ.எம்.டி. கம்பெனியின் டூரான் பிராசஸர். பட்ஜெட்காரர்களுக்கு இந்த ஜோடி ஒரு வரப்பிரசாதம்.

கண்ணிகளும் இருந்தன. இன்டெல் 810 வகை போர்டுகள் மலிவு. கிராபிக்ஸ் அதிலேயே சேர்ந்து வந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு மாட்டும் ஏ.ஜி.பி. பொந்து அதில் கிடையாது. தெரியாமல் வாங்கினால் பிறகு காசு சேர்ந்தாலும் நல்ல கார்டு போட இடமில்லை. இன்னொன்று, 2002ல் வந்த ஜீஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ். பெயரில் 4 இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஜீஃபோர்ஸ் 2 வம்சம். அதற்கு முந்தைய வருஷமே வந்த ஜீஃபோர்ஸ் 3க்கு இருந்த பிக்ஸல் ஷேடர் வசதி இதில் இல்லை. 2003ல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா புது அவதாரம் வந்தபோது 3 வைத்திருந்தவன் ஆடினான், 4 எம்.எக்ஸ். வைத்திருந்தவன் வேடிக்கை பார்த்தான். எண்ணைப் பார்த்து வாங்காதே என்பது அன்றைக்கும் பாடம், இன்றைக்கும் பாடம்.

நான் இரண்டு மாதம் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டி, ஒரு 40 பக்க நோட்டில் பற்று வரவு போட்டேன். டூரான் 1 கிகாஹெர்ட்ஸ், ஏ.ஜி.பி. பொந்து உள்ள போர்டு, 128 எம்.பி. ரேம், ஜீஃபோர்ஸ் 2 எம்.எக்ஸ்., 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 இஞ்ச் டப்பா மானிட்டர். மானிட்டரே ஆறாயிரத்தைத் தாண்டியது. கூட்டிப் பார்த்தால் முந்நூறு ரூபாய் உதைத்தது. ஃப்ளாப்பி டிரைவை வெட்டினேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க கேபினெட்டோடு வரும் பவர் சப்ளையில் இருந்ததிலேயே மலிவானதை எழுதினேன். அதில் என்ன விளையாட்டா ஓடப்போகிறது?

எஸ்.பி. ரோட்டில் கடைப் பையன் டூரானை போர்டில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஃபேன் கிளிப்பை அழுத்தி மாட்டியபோது நான் மூச்சு விடவில்லை. அந்தச் சிப்புக்கு மேலே மூடி கிடையாது, ஓரம் உடைந்தால் காசு போச்சு. சாயந்திர ரயிலில் அப்பாவும் நானும் திரும்பினோம். அவர் டியூட்டி முடிந்து வந்திருந்தார். பன்னிரண்டு கிலோ மானிட்டரை பங்காருபேட்டை வரை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "நீ சின்னப் பொட்டியைப் பாரு" என்றார்.

ஏழு மாதம் ஓடியது. டேலியும் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ராத்திரி அப்பா தூங்கிய பிறகு ஓடியது மேக்ஸ் பெய்ன். ஒரு மழை ராத்திரி வோல்டேஜ் ஏறி இறங்கியது. டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. மலிவு பவர் சப்ளை போனதோடு நிற்காமல் போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. நாலாயிரம் ரூபாய் போர்டு.

(எங்கள் ஊரின் வினோதத்தைச் சொல்ல வேண்டும். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூரு தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல். அந்த மின் நிலையமும் ஒரு அசெம்பிள்டு பொட்டிதான். டர்பைன் ஸ்விட்சர்லாந்தின் எஷர் விஸ், ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்.)

காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு எதற்கு வாங்கினேன் என்பது உட்பட. அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார். "டேலில இவ்ளோ துப்பாக்கிச் சத்தம் வராதுன்னு எனக்குத் தெரியாதாடா?"

பிறகு செத்த போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பவர் சப்ளையைக் காட்டி, இது என்ன வேலை செய்யும் என்று கேட்டார். கரண்டை எல்லாத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் என்றேன். இதற்கு எவ்வளவு போட்டாய் என்றார். சொன்னேன்.

"கூண்டுக் கயித்துல காசு மிச்சம் பிடிக்கக் கூடாது" என்றார். "வெள்ளைக்காரன் இருந்தப்பவும் சரி, கவர்மெண்ட் எடுத்தப்புறமும் சரி, கயித்தை மட்டும் தினமும் பார்ப்பாங்க. கீழ எத்தனை பேர் நின்னாலும் தொங்குறது அதுலதான்."

வேறு திட்டு கிடையாது. டூரானைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அடியில் 453 கால்கள், எல்லாம் மஞ்சளாக மின்னின. "தங்கமா?" என்றார். முலாம்தான், ஆனால் தங்கம்தான் என்றேன். ஒரு டன் சுரங்கக் கல்லை விட ஒரு டன் பழைய போர்டில் பல மடங்கு தங்கம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 28 வருஷம் கல்லாகவே பார்த்தவர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்து ஐந்து மாதத்தில் போர்டும் நல்ல பவர் சப்ளையும் வாங்கினேன். அந்தப் பொட்டியில்தான் பேங்க் பரீட்சைக்கும் படித்தேன். அப்பா 2011ல் போய்ச் சேர்ந்தார். நுரையீரல்.

பையனின் பட்டியலுக்கு வருவோம். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். வண்ண விளக்கு ஃபேன்கள் போயின. பிராசஸர் ஒரு படி இறங்கியது. கேமிங்குக்கு முதல் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான், அதில் கை வைக்கவில்லை. ரேமில் இடித்தது. 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி மொத்தமாகப் போக ஆரம்பித்ததிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ஆகவே இப்போதைக்குப் பாதி, மீதிக்குப் பொந்து காலியாக இருக்கும். மானிட்டர் என் பழையது. 2,985 திர்ஹாமில் நின்றது.

கடைசியாக அவன் பவர் சப்ளையின் மேல் பேனாவை வைத்தான். "இதுல மலிவு ஒண்ணு இருக்குப்பா, 110 மிச்சமாகும்."

கூண்டுக் கயிறு கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தாத்தா எவ்ளோ ஆழம் இறங்குவாரு?" என்றான். மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றேன். போனில் கணக்குப் போட்டான். புர்ஜ் கலீஃபா மூன்றரை தடவை. பேனாவை எடுத்துவிட்டான்.

டிஸ்கி: மைனிங் கார்டெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. ஃபேனை மாற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, வாரண்டி பார்த்து வாங்கினால் பல கார்டுகள் இன்னும் நன்றாகவே உழைக்கும். சுரங்கத்திலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள்.

(அடுத்த பதிவு: எங்கள் ஊர் லைன் வீடுகள்.)