463 பவுண்டு விலாங்கும் ஒரு லாப்ஸ்டர் சண்டையும்

லாப்ஸ்டர்னா நமக்கு மெனு கார்டின் கடைசிப் பக்கம். விலையைப் பார்த்துட்டு மூடிடுவோம். நம்ம கடற்கரையில் சிங்கி இறால்னு சொல்வாங்களே, அதுக்குத் தூரத்துச் சொந்தம்தான் பெரிய கொடுக்கு உள்ள அட்லாண்டிக் லாப்ஸ்டர். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியாவில், பல ஊர்களுக்குப் பிழைப்பே இதுதான். படகுக் கடன், வீட்டுக் கடன் எல்லாம் இதை நம்பித்தான்.

ஆனா கதை விலாங்கு மீனில் தொடங்குது. 1993 ஆகஸ்ட்டில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் பழங்குடிக்காரர் பிடித்த 463 பவுண்டு விலாங்கு, 787 டாலர் 10 சென்ட்டுக்கு விலைபோனது. உரிமம் இல்லை, தடைக்காலம் வேற. வழக்குப் போட்டாங்க. அவருக்கு கோர்ட் புதுசில்லை. 17 வயதில் கைதாகி, செய்யாத கொலைக்கு 11 வருஷம் சிறையில் இருந்தவர்.

அவர் தரப்பு நீட்டியது 1760-61-ல் மிக்மாக் மக்கள் பிரிட்டிஷாரோடு செய்த ஒப்பந்தங்களை. அதில் மீன்பிடி உரிமைன்னு நேரடியா எதுவும் கிடையாது. அரசு வணிகக் கிடங்கில் மட்டுமே பொருளை விற்கணும்னு ஒரு நிபந்தனைதான் இருந்தது. சரி, விற்கணும்னா முதல்ல பிடிக்கணும் இல்லையா? 1999 செப்டம்பர் 17-ல் கனடா உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் ‘மிதமான வாழ்வாதாரம்’ அளவுக்குத்தான், சொத்து சேர்க்க இல்லை. நியாயமான காரணம் இருந்தால் அரசு கட்டுப்படுத்தலாம்னு நவம்பரில் இன்னொரு விளக்கமும் வந்தது.

மிதம்னா எத்தனை கூண்டு? அதை யாரும் எண்ணிச் சொல்லலை.

சண்டை அங்கேதான். தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே, பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கின் பர்ன்ட் சர்ச் பகுதியில், மிக்மாக் மக்கள் போட்டிருந்த லாப்ஸ்டர் கூண்டுகளை மற்ற மீனவர்கள் உடைத்தார்கள். 2020-ல், அதே செப்டம்பர் 17 அன்று, சிபெக்னகாட்டிக் சமூகம் நோவா ஸ்கோஷியாவில் சொந்தமா உரிமம் கொடுத்துப் படகு இறக்கியது. ஒரு உரிமத்துக்கு 50 கூண்டு. சுற்றியிருந்த வணிகப் படகுகளுக்கோ ஆளுக்கு 375. அப்படி 900-க்கும் மேற்பட்ட உரிமங்கள் இருந்தன.

மற்ற மீனவர்களின் கோபமும் வெறும் பொறாமை இல்லை. அவங்க பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி மே முடிய. மீதி மாசங்களில் கடலைச் சும்மா விடணும்னு கட்டுப்பட்டவங்க. ஆனா ‘நெடுகுலிம்க்’னு மிக்மாக் மொழியிலேயே ஒரு சொல் இருக்கு. தேவைக்கு எடுத்து, நாளைக்கும் மிச்சம் வைப்பது. இருந்தும் அக்டோபரில் மிக்மாக் லாப்ஸ்டரை வைத்திருந்த ஒரு கிடங்கு எரிக்கப்பட்டது. அதுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

அடுத்த மாசமே கிளியர்வாட்டர் என்ற பெரிய கடலுணவு நிறுவனத்தை வாங்கும் அறிவிப்பு வந்தது. 100 கோடி கனடா டாலர் ஒப்பந்தம். வாங்கும் இருவரில் ஒருவர் மிக்மாக் சமூகங்களின் கூட்டணி, பாதிப் பங்கு அவங்களுக்கு. கூட்டணிக்குத் தலைமை மெம்பர்டூ, அதாவது மார்ஷலின் சொந்த ஊர். அவர் 2009-லேயே இறந்துட்டார்.