பதக்கக் கணக்குக்கு வெளியே ஒரு ஆட்டக்காரர்

இங்கே ஆலனில் இப்போது மாலை. இந்தியாவிலும் இலங்கையிலும் விடிகாலையில் எழுந்து வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். நான் வரலாற்றுப் பேராசிரியை அல்ல. செவிலியர் பட்டயப் படிப்பு படித்தவள், மருத்துவமனையில் வேலை, மிச்ச நேரத்தில் வாசிப்பு. அந்த வாசிப்பில் கண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் எம். ஜே. கோபாலன்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது அயர்லாந்து வழியாக. என்னோடு இரவு டூட்டி பார்க்கும் ஒரு சகோதரி அயர்லாந்துக்காரர். அவர்தான் ஹர்லிங் என்ற ஆட்டத்தைச் சொன்னார். வளைந்த மட்டையால் சிறிய பந்தை அடித்தும் ஏந்தியும் ஆடுவது. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் கீழ் நடக்கிறது. ஒரு பையன் முதலில் தன் ஊர் கிளப்புக்கு ஆடுவான். நம் பாஷையில் சொன்னால் தன் பங்குக்கு. தேறினால் மாவட்ட அணி. டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் அமர்ந்து பார்ப்பார்கள். ஆனால் ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. திங்கள்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கோ வயலுக்கோ வங்கிக்கோ போய்விடவேண்டும்.

அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று கிறிஸ்டி ரிங். 1920இல் குளோய்ன் என்ற ஊரில் பிறந்தவர். கார்க் நகரத்தின் க்ளென் ரோவர்ஸ் கிளப்புக்கு ஆடினார், கார்க் மாவட்டத்துக்காக எட்டு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். பிழைப்புக்கு ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் லாரி ஓட்டினார். இதைக் கேட்டதும், நம் ஊரிலும் எண்ணெய் கம்பெனி வேலையோடு கிளப்புக்கும் மாகாணத்துக்கும் ஆடியவர் ஒருவர் உண்டே என்று தோன்றியது. அவர்தான் கோபாலன். வேலை பார்த்தது பர்மா ஷெல்லில்.

பதிவுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம். குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அந்த நடைதூரத்துக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. சேப்பாக்கத்தை வைத்திருந்த மதராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுடையது. அதற்குப் பதிலாகத்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் இந்தியர்களுக்கென்று மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பிறகு ஒவ்வொரு பொங்கலை ஒட்டியும் ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்ச் வந்தது. மதராஸ் கிரிக்கெட் வளர்ந்தது அப்படி.

கோபாலன் திருவல்லிக்கேணி கிளப்பின் வேகப்பந்து வீச்சாளர். அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜிலும் கென்ட்டிலும் ஆடிவிட்டு வந்த ஆங்கிலேயர், பர்மா ஷெல் அதிகாரி. கோபாலனுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. புச்சி பாபுவின் குடும்பம் வசதியான குடும்பம், அவர்கள் ஆடியது சொந்தக் காசில். கோபாலனைப் போன்றவருக்கு ஆட்டம் சோறு போடாது. மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற, மேட்ச் வந்தால் லீவு தருகிற ஒரு முதலாளி வேண்டும். சம்பளமில்லாத ஆட்டம் என்கிறோமே, அதன் பின்னால் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராக கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் முதல்முறையாக டெஸ்ட் போட்டி நடந்தது. அவர் வீட்டு வாசல் என்றே சொல்லலாம். அந்தப் பதினொரு பேரில் அவர் இல்லை. பிறகும் டெஸ்ட் ஆட வாய்ப்பு வரவில்லை. கல்கத்தா ஒன்றோடு சரி.

அதே ஆண்டு நவம்பர் 4. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில், மதராஸுக்கும் மைசூருக்கும். ரஞ்சி கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. சென்னையில் வாழ்ந்த சீக்கியர் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.

இப்போது ஹாக்கிக்கு வருகிறேன். கோபாலன் ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1935இல் தயான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டம், 48 வெற்றி, 584 கோல். அதில் தயான் சந்த் மட்டும் 201. அப்படிப்பட்ட அணி அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குப் போகிறது. 1928, 1932 இரண்டிலும் தங்கம் வாங்கிய நாடு. மூன்றாவதும் கிட்டத்தட்டக் கைக்குள்ளேதான்.

அதே 1936இல் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனது. கோபாலனுக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன. அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அந்தப் பயணம் எப்படிப் போனது என்பது கிரிக்கெட் வாசகர்களுக்குத் தெரியும். ஆட்டத்தைவிடச் செல்வாக்கால் தலைவரான விஜயநகரம் மகாராஜ்குமார், உட்பூசல், முதல் டெஸ்டுக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்ட லாலா அமர்நாத். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலனை இறக்கவில்லை. மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவலில் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதி ஆட்டம் நடந்ததும் அதே ஆகஸ்ட் 15. இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. ஒரே நாளில் அங்கே தங்கம், இங்கே அணியில் இடம்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கதையை முடித்துவிடுகிறார்கள். தங்கத்தைக் கைநழுவவிட்டவர் என்று ஒரு வரி, ஐயோ பாவம் என்று இன்னொரு வரி. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை.

முதலாவது, ஆகஸ்டில் நடந்ததை வைத்து, அதற்கு முன்பே எடுத்த முடிவை எடைபோடுவது நியாயமில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பாருங்கள். ஒரே ஒரு டெஸ்ட் ஆடியிருக்கிறார். சொந்த ஊரில் நடந்ததில் இடமில்லை. அந்தப் பாதி நின்ற வேலையை முடிக்க ஒரு வாய்ப்பு வருகிறது. அந்த ஊரில் ஒரு இளைஞனை ஜான்ஸ்டனின் கண்ணில் படவைத்ததும் கிரிக்கெட்தான். போகாமல் இருப்பாரா? வாய்ப்பே வராது என்றும் சொல்லிவிட முடியாது. அதே பயணத்தில், அதே மதராஸைச் சேர்ந்த, புச்சி பாபுவின் மகன் சி. ராமசாமிக்கு 40 வயதில் இரண்டாவது டெஸ்டில் இடம் கிடைத்தது. 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நன்றாகவே ஆடினார். இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸும் ஆடியவர் அவர். ஆகவே கோபாலன் எதிர்பார்த்ததில் தவறில்லை. அந்தக் கதவை மூடியது அவரல்ல.

இரண்டாவது, இதுதான் முக்கியம், அவர் வாழ்க்கை 1936 ஆகஸ்டில் முடியவில்லை. 1926-27 பருவத்தில் தொடங்கிய முதல்தர ஆட்டம் 1951-52 வரை போனது. இருபத்தைந்து ஆண்டு. 190க்கும் மேற்பட்ட விக்கெட். வேகப்பந்து வீச்சாளரின் முதுகும் முழங்காலும் என்ன பாடுபடும் என்று எலும்பு வார்டில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். சேப்பாக்கத்து வெயிலில் அத்தனை ஆண்டு வீசுவது சும்மா இல்லை. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில். கோபாலன் முதல்தர ஆட்டத்திலிருந்து ஓய்ந்ததும் அந்தப் பருவத்தோடுதான்.

அவருடைய 25 ஆண்டு ஆட்டத்தைச் சிறப்பிக்கத்தான் 1952-53இல் கோபாலன் கோப்பை தொடங்கியது. மதராஸுக்கும் சிலோனுக்கும் இடையே நடந்த முதல்தரப் போட்டி. இலங்கையிலிருந்து இணைந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ரன் குவித்த மகாதேவன் சதாசிவத்தை மதராஸ்காரர்கள் நெடுங்காலம் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்தும் சிலோனுக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. அந்தஸ்து கிடைத்து, கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆட 1982 பிப்ரவரி ஆயிற்று. அதுவரை இலங்கையின் பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குத் தரமான எதிரணியோடு மோதிப் பார்க்கக் கிடைத்த இடங்களில் ஒன்று இந்தக் கோப்பை. ஒரே டெஸ்ட் ஆடியவர் பெயரில் நடந்த போட்டி, ஒரு நாடு டெஸ்டுக்குத் தயாராக உதவியது.

முதியோர் வார்டில் கடைசி நாட்களில் பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். வாங்கிய விருதைச் சொல்பவர்கள் குறைவு. முப்பது வருடம் ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்கன் வாசித்ததை, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன பஸ்ஸைச் சொல்வார்கள். வாரா வாரம் செய்ததுதான் ஒரு மனிதர். கோபாலன் வாரா வாரம் செய்தது கிளப்புக்கும் மதராஸுக்கும் ஆடியது. அதை விட்டுவிட்டு, போகாத பெர்லினை வைத்து அவரை அளப்பது, நடக்காத வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுவது.

இந்த வகை ஆட்டக்காரர்கள் தீர்ந்துபோகவில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கிராண்ட் பிரெய்ரி மைதானம். 2024 ஜூன் 6 அன்று அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வென்றது அங்கேதான். அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் ஆரக்கிளில் மென்பொருள் பொறியாளர். வேலையையும் ஆட்டத்தையும் ஒன்றாகச் சுமந்தவர். தற்செயல்தான், அன்று கோபாலனின் பிறந்தநாள்.

கோபாலன் 2003 டிசம்பரில், தொண்ணூறு வயதைத் தாண்டி, சென்னையில் காலமானார். அப்போது உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் அவர்தான் மூத்தவர் என்று எழுதினார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரயில்வேக்கோ மின்வாரியத்துக்கோ வங்கிக்கோ கைப்பந்து, ஹாக்கி, கபடி ஆடிய அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருக்கலாம். இந்த வாரம் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். எந்தப் பதக்கம் வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த மைதானத்தில், யாரோடு, எத்தனை வருடம் ஆடினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.