பதவியைப் பறிக்கலாம், வாக்கைப் பறிக்க முடியாது: பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் அமைச்சரவை மாற்றங்களும் தலைமைப் போட்டியும் (1962–2022)

முன்னுரை

பிரிட்டிஷ் பிரதமரின் அதிகாரங்களில் மிக விரைவாகப் பயன்படுத்தக்கூடியது அமைச்சரவை மாற்றம். அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. காலையில் நிதியமைச்சராக இருந்தவர் மாலையில் சாதாரண உறுப்பினராகப் பின்வரிசையில் அமர நேரலாம். இத்தனை பெரிய அதிகாரம் கையில் இருந்தும் மார்கரெட் தாட்சர், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் ட்ரஸ் ஆகிய நான்கு கன்சர்வேட்டிவ் பிரதமர்களும் பொதுத்தேர்தலில் தோற்றுப் பதவி இழக்கவில்லை. தம் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் வீழ்ந்தார்கள்.

இந்த முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு முன்வைக்கப்படும் கருத்து இது: அமைச்சரவை மாற்றத்தால் ஒருவரின் பதவியைப் பறிக்கலாம், அவருடைய நாடாளுமன்ற இடத்தையும் கட்சித் தலைமை பற்றிய அவருடைய வாக்கையும் பறிக்க முடியாது. 1965க்குப் பின் தலைமை வாக்கெடுப்பால் முடிவாகத் தொடங்கியதும், பிரதமர் யாரையெல்லாம் அவமதித்து வெளியேற்றினாரோ அவர்களே அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வாக்காளர்களாகவும் ஆனார்கள்.

1. அதிகாரத்தின் அமைப்பு

அமைச்சர்களை நியமிப்பவர் மரபுப்படி மன்னர். யாரை நியமிப்பது என்று முடிவெடுப்பவர் பிரதமர். ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் உள்ள பதவிகள் அளவானவை. 1975ஆம் ஆண்டின் சட்டங்கள் ஊதியம் பெறும் அமைச்சர் பதவிகளுக்கு 109 என்ற வரம்பை விதித்தன. மக்களவையில் அமரும் அமைச்சர்கள் 95 பேருக்கு மிகக்கூடாது. சுமார் 360 உறுப்பினர்கள் கொண்ட ஆளுங்கட்சியில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் எந்த நேரத்திலும் அமைச்சர் பதவி இல்லாமலே இருப்பார்கள்.

ஆட்சி நீள நீள இந்தப் பின்வரிசையில் மூன்று வகையினர் சேர்கிறார்கள்: பதவிக்குக் காத்திருப்போர், இனிக் கிடைக்காது என்று உணர்ந்தோர், இருந்ததை இழந்தோர். மூன்றாம் வகையினருக்கு அரசின் உள்விவகாரம் தெரியும், பத்திரிகையாளர்களிடம் பழக்கம் உண்டு, பேச்சுக்கு மதிப்பும் உண்டு. கன்சர்வேட்டிவ் பின்வரிசையினரின் அமைப்பான ‘1922 குழு’ இவர்கள் கூடும் இடம்.

2. 1962: ஒரே நாளில் அமைச்சரவையில் மூன்றில் ஒரு பங்கு

1962 மார்ச்சில் ஆர்பிங்டன் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தன் பாதுகாப்பான தொகுதியை லிபரல் கட்சியிடம் இழந்தது. நிதியமைச்சர் செல்வின் லாய்டின் ஊதியக் கட்டுப்பாடு மக்களிடம் வெறுப்பைச் சம்பாதித்திருந்தது. அவரை மாற்றிவிடப் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் தீர்மானித்தார். நிதானமாகச் செய்யவேண்டிய அந்த வேலையை ஒரு கசிவு அவசரக் காரியமாக்கியது. மூத்த அமைச்சர் ராப் பட்லர் ஒரு மதிய விருந்தில் ‘டெய்லி மெயில்’ உரிமையாளரிடம் விஷயத்தைச் சொல்ல, ஜூலை 12 அன்று அது செய்தியாகிவிட்டது. அன்று மாலையே லாய்ட் நீக்கப்பட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமைக்குள் வெளியேற்றப்பட்ட அமைச்சரவை உறுப்பினர்களின் எண்ணிக்கை ஏழானது. லார்ட் சான்சலர் கில்முயர் பிரபு, பாதுகாப்பு அமைச்சர் ஹரால்ட் வாட்கின்சன், கல்வியமைச்சர் டேவிட் எக்லஸ் ஆகியோர் அவர்களில் அடங்குவர். விசுவாசமே தம் கட்சியின் இரகசிய ஆயுதம் என்று ஒரு காலத்தில் பெருமையோடு சொன்னவர் இதே கில்முயர்.

பிறகு மக்களவை கூடியபோது லாய்ட் உள்ளே நுழைய ஆரவாரம் எழுந்தது. மேக்மில்லன் நுழைந்தபோது அவருடைய கட்சியின் வரிசைகள் மௌனம் காத்தன. உறுதியான தலைவர் என்ற பெயரை வாங்கித்தர வேண்டிய நடவடிக்கை, பதறிப்போன தலைவர் என்ற பெயரை வாங்கித் தந்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் நோய்வாய்ப்பட்ட மேக்மில்லன் விலகியபோது தலைவரைத் தேர வாக்கெடுப்பு முறை எதுவும் கட்சியில் இல்லை. மூத்தவர்கள் கருத்துக் கேட்டறிந்து ஒருவரை முன்னிறுத்துவதே வழக்கம். அவ்வாறு வந்தவர் ஹியூம் பிரபு. அவருக்காக உழைத்தவர்களில் ஒருவர் ஓராண்டுக்கு முன் நீக்கப்பட்ட செல்வின் லாய்ட். தலைமைக்கு அடுத்த உரிமையாளர் என்று கருதப்பட்ட பட்லருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. புதிய அமைச்சரவையில் லாய்ட் அவை முன்னவராகத் திரும்பி வந்தார். பதவி பறிக்கப்பட்டவரின் செல்வாக்கு பதவியோடு போய்விடுவதில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

3. விதிகள் மாறிய விதம் (1965–1975)

1963 தேர்வு கட்சியில் கசப்பை விட்டுச் சென்றது. இயன் மக்லியாட், ஈனாக் பவல் இருவரும் ஹியூமின் கீழ் பணியாற்ற மறுத்தனர். 1964 தேர்தல் தோல்விக்குப் பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேரும் முறை வந்தது. 1965 ஜூலையில் எட்வர்ட் ஹீத் 150 வாக்குகளும், ரெஜினால்ட் மாட்லிங் 133 வாக்குகளும், பவல் 15 வாக்குகளும் பெற்றனர்.

பத்தாண்டுகள் கழித்து இன்னொரு திருத்தம் வந்தது: பதவியிலிருக்கும் தலைவரை எதிர்த்து ஆண்டுதோறும் போட்டியிடலாம். அதன் முதல் பலி ஹீத். 1975 பிப்ரவரி 4 அன்று தாட்சர் 130, ஹீத் 119. வாக்கெடுப்பால் வந்தவர் வாக்கெடுப்பால் போனார். தலைவர் இனிப் பெரியவர்களின் கருணையில் அல்ல, பின்வரிசையின் மனநிலையில் வாழவேண்டும் என்பது அன்று உறுதியானது. இந்த விதியால் பயனடைந்த தாட்சரையே பின்னாளில் இதே விதி வீழ்த்தியது.

4. 1981: வெற்றி பெற்ற மாற்றம்

எல்லா அமைச்சரவை மாற்றங்களும் தோற்பதில்லை. 1979இல் பிரதமரான தாட்சரின் முதல் அமைச்சரவையில் அவருடைய பொருளாதாரக் கொள்கையை ஏற்காதவர்கள் பலர் இருந்தனர். 1981 செப்டம்பரில் இயன் கில்மோர், கிறிஸ்டோபர் சோம்ஸ், மார்க் கார்லைல் ஆகியோரை அவர் நீக்கினார். ஜிம் பிரையரை வட அயர்லாந்துக்கு மாற்றினார். நார்மன் டெபிட், நைஜல் லாசன், செசில் பார்க்கின்சன் ஆகியோரை உள்ளே கொண்டுவந்தார்.

இது பலித்ததற்கு மூன்று காரணங்களைக் காணலாம். ஒன்று, இது ஆட்களை மட்டும் மாற்றவில்லை. ஒரு கொள்கையைச் செயல்படுத்துவதற்கான அணியை அமைத்தது. இரண்டு, நீக்கப்பட்டவர்களுக்குத் தலைமைப் போட்டியில் இறங்கத்தக்க ஒரு வேட்பாளர் இல்லை. மூன்று, 1983 தேர்தலில் 144 இடப் பெரும்பான்மை கிடைத்தது. வெற்றி அதிருப்தியாளர்களின் வாயை அடைத்தது. ஆயினும் அவர்கள் எல்லோரும் அவையைவிட்டுப் போய்விடவில்லை. 1990இலும் கில்மோர் பின்வரிசையில்தான் அமர்ந்திருந்தார்.

5. 1989–90: ஜெஃப்ரி ஹவ்

1989 ஜூனில் மாட்ரிட் ஐரோப்பிய உச்சிமாநாட்டுக்கு முன், வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ்வும் நிதியமைச்சர் லாசனும் சேர்ந்து தாட்சரைச் சந்தித்தனர். ஐரோப்பிய நாணயமாற்று ஒழுங்கமைப்பில் பிரிட்டன் சேர்வதற்கான நிபந்தனைகளை அறிவிக்காவிட்டால் பதவி விலகுவோம் என்றனர். அடுத்த மாதம் 24ஆம் தேதி ஹவ் வெளியுறவுத் துறையிலிருந்து மாற்றப்பட்டார். அவருக்கு அவை முன்னவர் பதவியும் துணைப் பிரதமர் என்ற பட்டமும் தரப்பட்டன. அந்தப் பட்டத்துக்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை என்று பிரதமரின் செய்தித் தொடர்பாளர் பத்திரிகையாளர்களிடம் விளக்கினார். ஹவ் விரும்பித் தங்கிய அரசு இல்லமான செவனிங் மாளிகையும் கைவிட்டுப் போனது.

கொள்கை வேறுபாட்டைச் சகித்துக்கொள்ளும் அரசியல்வாதிகள் உண்டு. கொடுத்த பட்டத்தையே சிறுமைப்படுத்துவதைச் சகிப்பவர் அரிது. அக்டோபரில் லாசன் விலகினார். டிசம்பரில் ஆண்டனி மேயர் என்ற பின்வரிசை உறுப்பினர் தலைமைக்குப் போட்டியிட்டார். தாட்சர் 314, மேயர் 33. வாக்கைச் செல்லாததாக்கியோரையும் வாக்களிக்காதோரையும் சேர்த்தால் ஏறத்தாழ 60 பேர் தலைவரை ஆதரிக்கவில்லை. தாட்சர் அந்த எச்சரிக்கையின் பொருளை உணரவில்லை.

1990 நவம்பர் 1 அன்று, 1979 அமைச்சரவையில் தாட்சரைத் தவிர எஞ்சியிருந்த ஒரே உறுப்பினரான ஹவ் பதவி விலகினார். 13ஆம் தேதி அவர் மக்களவையில் பேசினார். நைஜல் லாசன் பக்கத்தில் அமர்ந்திருந்தார். முன்வரிசையில் தாட்சர் கேட்டுக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாமல் பேசுவது ஹவ்வின் இயல்பு. பேச்சுவார்த்தைக்குப் போகும் அமைச்சர்களின் நிலையை அவர் கிரிக்கெட்டைக் கொண்டு விளக்கினார்: ஆடக் களமிறங்கியபின் பார்த்தால், அணித் தலைவரே முன்கூட்டி மட்டைகளை உடைத்து வைத்திருக்கிறார். முந்திய ஆண்டுதான் மக்களவையில் தொலைக்காட்சிக் கேமராக்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. நாடு முழுவதும் அதைப் பார்த்தது.

1986இல் வெஸ்ட்லண்ட் ஹெலிகாப்டர் நிறுவனம் பற்றிய விவகாரத்தில் அமைச்சரவைக் கூட்டத்திலிருந்து வெளியேறிய மைக்கேல் ஹெசல்டைன், ஹவ் பேசிய மறுநாளே போட்டியை அறிவித்தார். நவம்பர் 20 வாக்கெடுப்பில் தாட்சர் 204, ஹெசல்டைன் 152, வாக்களிக்காதோரும் செல்லா வாக்குகளும் 16. மொத்தம் 372 பேரில் 15 சதவீத முன்னிலை வேண்டும் என்பது விதி, அதாவது 56. கிடைத்தது 52. ஹெசல்டைனுக்கு வாக்களித்தவர்களில் இருவர் மனம் மாறியிருந்தால் முதல் சுற்றிலேயே தாட்சர் வென்றிருப்பார். எதிர்ப்பு முதன்மையாக வரிக் கொள்கையாலும் ஐரோப்பியப் பிரச்சினையாலும் பெருகியது என்பது உண்மை. ஆனால் அந்த எதிர்ப்புக்கு நாளும் குரலும் குறித்துக் கொடுத்தது 1989 ஜூலை மாற்றம். 22ஆம் தேதி தாட்சர் விலகலை அறிவித்தார்.

6. 1995: போட்டியாளருக்கு இடம் கொடுத்தல்

தாட்சருக்குப் பின் பிரதமரான ஜான் மேஜர் வேறு வழியைக் கையாண்டார். 1995 ஜூனில் தாமே தலைமைப் பதவியைத் துறந்து, எதிர்ப்பாளர்களை நேருக்கு நேர் வரச் சொன்னார். அமைச்சரவையிலிருந்து விலகி ஜான் ரெட்வுட் எதிர்த்தார். ஜூலை 4 அன்று மேஜர் 218, ரெட்வுட் 89. உடனே நடந்த அமைச்சரவை மாற்றத்தில் ஹெசல்டைன் துணைப் பிரதமரானார். ஹவ்வுக்குத் தரப்பட்டது வெறும் பட்டம். ஹெசல்டைனுக்குத் தரப்பட்டது உண்மையான அதிகாரம். 1997 தேர்தல்வரை மேஜரின் தலைமையை எதிர்த்து வேறு போட்டி எழவில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. கட்சிக்குள் தலைவரைக் காத்த தந்திரம் மக்களிடம் கட்சியைக் காக்கவில்லை.

7. 2016–2022: சுருங்கிய காலம்

1998இல் வில்லியம் ஹேக் கொண்டுவந்த விதிகளின்படி இறுதித் தேர்வு கட்சி உறுப்பினர்களின் கையில். நீக்கும் அதிகாரம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில். அப்போதைய விதிப்படி, நாடாளுமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்தினர் கடிதம் கொடுத்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், நீக்குபவர் இன்னொருவர் என்ற இந்தப் பிளவு பின்னர் பெரும் விளைவுகளை உண்டாக்கியது.

தெரசா மேயின் பலவீனம் 2018 ஜனவரியில் வெளிப்பட்டது. சுகாதாரத் துறையைவிட்டு நகர ஜெரமி ஹண்ட் மறுத்து அங்கேயே நீடித்தார். வேறு துறையை ஏற்க மறுத்து ஜஸ்டின் கிரீனிங் அரசைவிட்டே வெளியேறினார். அமைச்சர் மறுத்தும் பதவியில் இருக்க முடிகிறதென்றால் பிரதமரின் ஆயுதம் முனை மழுங்கியது என்று பொருள்.

மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் இந்த முறையின் ஓட்டையை உணர்ந்து அதையும் அடைக்க முயன்றார். 2019 செப்டம்பரில் 21 உறுப்பினர்களைக் கட்சியின் நாடாளுமன்ற அணியிலிருந்தே வெளியேற்றினார். அதாவது அவர்களுடைய கட்சி வாக்கையே பறித்தார். 2020 பிப்ரவரியில் தம் ஆலோசகர்கள் அனைவரையும் நீக்கச் சொன்ன நிபந்தனையை ஏற்க மறுத்து நிதியமைச்சர் சாஜித் ஜாவித் விலகினார்; அந்த இடத்துக்கு ரிஷி சுனக் வந்தார். 2022 ஜூலை 5 மாலையில், அப்போது சுகாதார அமைச்சராகத் திரும்பியிருந்த ஜாவிதும் நிதியமைச்சர் சுனக்கும் சில நிமிட இடைவெளியில் விலகினர். இரண்டு நாள்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புகளை உதற, ஜான்சன் விலகலை அறிவித்தார். அவரை வீழ்த்தியவர்கள் அவரே நியமித்தவர்கள்.

ஜான்சனின் இடத்துக்கான போட்டியில் லிஸ் ட்ரஸ் கட்சி உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் 81,326 வாக்குகள் பெற்று வென்றார். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களின் இறுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தவை 113 மட்டுமே, சுனக் 137. இந்த எண்களை மதித்திருந்தால் சுனக் ஆதரவாளர்களை அரவணைத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் ஒதுக்கப்பட்டனர். வரிக்குறைப்பு அறிவிப்பு சந்தையைக் குலைத்தபின் தம் நெருங்கிய நண்பரான நிதியமைச்சர் குவாசி க்வார்ட்டெங்கை 38 நாள்களில் நீக்கினார். அடுத்த வாரமே, அக்டோபர் 20 அன்று, ட்ரஸும் விலகலை அறிவித்தார்.

8. துறைகள் கொடுக்கும் விலை

தலைமைப் போட்டி தலைவர்களின் சொந்த விவகாரம் என்று எண்ணுவது தவறு. 2022 ஜூலை தொடங்கி அக்டோபர் இறுதிவரை இங்கிலாந்தின் கல்வியமைச்சர் பதவியில் அமர்ந்தவர்கள் ஐவர்: நதீம் ஜஹாவி, மிஷெல் டோனலன், ஜேம்ஸ் கிளெவர்லி, கிட் மால்ட்ஹவுஸ், கில்லியன் கீகன். டோனலன் இருந்தது இரண்டு நாள்களுக்கும் குறைவு. அதே ஆண்டில் நிதியமைச்சர்கள் நால்வர். பள்ளிக் கட்டடப் பழுதோ ஆசிரியர் பற்றாக்குறையோ ஒரு வாரத்தில் கற்றுத் தீர்க்கும் விஷயம் அல்ல. துறையைப் புரிந்துகொள்ளும் முன்பே அமைச்சர் மாறினால், முடிவுகள் தள்ளிப்போகும். பொறுப்பேற்க எவரும் இருக்கமாட்டார்கள். பூசலின் செலவை இறுதியில் ஏற்பவர்கள் மாணவர்களும் நோயாளிகளும் வாடகை வீட்டில் வாழ்பவர்களுமே.

9. முடிவுகள்

முதலாவது, கொள்கையோடு சேர்ந்த அமைச்சரவை மாற்றம் பலிக்கிறது. பீதியிலும் பழிதீர்க்கவும் செய்த மாற்றம் திரும்பித் தாக்குகிறது. 1981, 1962, 1989 மூன்றும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இரண்டாவது, நீக்கப்படுவதைவிட இழிவுபடுத்தப்படுவதே பகையை வளர்க்கிறது. லாய்டுக்கு மீண்டும் பதவி கிடைத்தது, அவர் விசுவாசத்தோடு உழைத்தார். ஹவ்வுக்கு வெற்றுப் பட்டம் கிடைத்தது, அவர் பேசினார்.

மூன்றாவது, வலிமையான போட்டியாளரை உண்மையான அதிகாரத்தோடு உள்ளே வைத்திருப்பது தலைவரின் ஆயுளை நீட்டும். ஆனால் கட்சிக்கு மக்கள் ஆதரவை ஈட்டித் தராது.

நான்காவது, கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க, நாடாளுமன்ற உறுப்பினர்கள் நீக்கும் முறை நீடிக்கும்வரை, தன் நாடாளுமன்றக் கட்சியில் சிறுபான்மையாக வரும் தலைவர் முதல் அமைச்சரவையிலேயே தோற்றவர்களுக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.

சொந்தக் கட்சியை ஆளத் தெரியாத பிரதமர் நாட்டை நீண்டகாலம் ஆண்டதில்லை என்பதே அறுபதாண்டு வரலாறு சொல்லும் தீர்ப்பு. 2024 ஜூலை 4 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களே பெற்றது. தன் வரலாற்றில் அது கண்ட மிகக் குறைந்த எண்ணிக்கை அது.