ஓட்டத்தடத்தில் ஏ.பி.எஸ் முடக்கம்

ஓட்டத்தடத்தில் ஏ.பி.எஸ் முடக்கம் என்பது, ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுத் தானுந்துகளில் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வரும் சக்கர இறுக்கத் தடுப்பு அமைப்பை, பந்தயத் தடத்தில் ஓட்டும்பொருட்டுச் செயலிழக்கச் செய்வதைக் குறிக்கும். ஓட்டுநரின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கணினி குறுக்கிடலாகாது என்ற விருப்பம், பழைய அமைப்புகள் பந்தய டயர்களுடன் சரிவர இயங்காமை, சில போட்டிகளின் விதிகள் ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. செய்முறை எளிது, பல தானுந்துகளில் ஒரு ஃபியூஸைக் கழற்றினாலே போதும். ஆனால் அண்மைக் காலத் தானுந்துகள் பெரும்பாலானவற்றில் அதே ஃபியூஸ், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் பணியையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. அதனால் பின்சக்கரங்கள் முதலில் இறுகி, தானுந்து சுழன்றுவிடும் ஆபத்து எழுகிறது.

செயற்பாடு

ஓடும் தானுந்தின் வேகத்துக்கும் சக்கர விளிம்பின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு வழுக்கல் எனப்படும். தடையின்றி உருளும் சக்கரத்தின் வழுக்கல் 0%. சுழற்சி அடியோடு நின்று தரையில் இழுபடும் சக்கரத்தின் வழுக்கல் 100%. உலர்ந்த தார்த் தரையில் டயரின் பிடிப்பு ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வழுக்கலில் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் குறையத் தொடங்குகிறது. சக்கரம் முழுவதும் இறுகிவிட்டால் நிறுத்தும் திறன் குறைவதோடு, பக்கவாட்டுப் பிடிப்பும் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. அந்நிலையில் திசைமாற்றியை எவ்வளவு திருப்பினாலும் தானுந்து திரும்பாது.

ஏ.பி.எஸ் அமைப்பில் ஒவ்வொரு சக்கரத்திலும் வேக உணரி ஒன்று உண்டு. ஒரு சக்கரத்தின் வேகம் மற்றவற்றைவிடத் திடீரெனக் குறைந்தால், கட்டுப்பாட்டுக் கணினி அச்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை அடைப்பிதழ்கள் மூலம் நிறுத்தி, குறைத்து, மீண்டும் கூட்டுகிறது. இச்சுழற்சி நொடிக்குப் பல முறை நிகழ்கிறது. மிதியில் உணரப்படும் துடிப்பு இதனால் ஏற்படுவதே.

மின்சாரம் தடைப்பட்டால் உள்வரும் அடைப்பிதழ்கள் திறந்தும், வெளியேறும் அடைப்பிதழ்கள் மூடியும் இருக்கும்படி இவ்வமைப்பு வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே ஏ.பி.எஸ் செயலிழந்தாலும் சாதாரண பிரேக் தொடர்ந்து வேலை செய்யும். ஃபியூஸைக் கழற்றி முடக்கும் வழக்கத்துக்கு அடிப்படையும் இதுவே.

வரலாறு

1950களில் டன்லப் நிறுவனத்தின் மேக்சரெட் என்ற இயந்திர அமைப்பு வானூர்திகளில் பயன்பட்டது. 1966 இல் வெளிவந்த ஜென்சன் எஃப்.எஃப் தானுந்தில் அது இடம்பெற்றது. 1971 இல் கிரைசுலர் நிறுவனம் தன் இம்பீரியல் வகையில் பெண்டிக்சு உருவாக்கிய கணினி வழி அமைப்பை வழங்கியது. 1978 இல் பாசு நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ் மெர்சிடிஸ்-பென்சு எஸ் வகுப்பில் அறிமுகமானது. இன்றைய அமைப்புகள் பெரும்பாலும் இதன் வழிவந்தவை.

1986 ஆம் ஆண்டு வகை முதல் செவர்லே கார்வெட்டில் ஏ.பி.எஸ் கட்டாய உறுப்பாயிற்று. எனினும் ஃபெராரி எஃப்40 (1987), மெக்லாரன் எஃப்1 (1992) போன்ற புகழ்பெற்ற தானுந்துகள் ஏ.பி.எஸ் இன்றியே வெளிவந்தன. முதலில் ஏ.பி.எஸ் இன்றி விற்கப்பட்ட டாட்ஜ் வைப்பரில் அது 2001 ஆம் ஆண்டு வகையில்தான் சேர்க்கப்பட்டது. விரைவுத் தானுந்துக்கு ஏ.பி.எஸ் பொருந்தாது என்ற கருத்து ஆர்வலர்களிடையே நிலைபெற இக்காலமே காரணம் எனலாம்.

முடக்குவதற்குக் கூறப்படும் காரணங்கள்

1. ஓட்டுநரின் கட்டுப்பாடு. தேர்ந்த ஓட்டுநர் சக்கரம் இறுகும் விளிம்பு வரை மிதியை அழுத்தி அங்கேயே நிறுத்திவைக்கக் கற்றிருப்பார். இது எல்லைப் பிரேக்கிடல் எனப்படும். முதல் தலைமுறை ஏ.பி.எஸ் அமைப்புகள் அழுத்தத்தை மெதுவாகவும் பெரிய அளவிலும் ஏற்றி இறக்கியமையால், இத்தகைய ஓட்டுநர் உலர்ந்த தரையில் அவற்றை விஞ்ச இயன்றது. இத்திறனைப் பழகும் பொருட்டு ஏ.பி.எஸ்ஸை முடக்குவோரும் உள்ளனர்.

2. பனி நிலை எனப்படும் கோளாறு. தட ஓட்டுநர்கள் அதிகம் அஞ்சுவது இதையே. முன்சக்கரங்கள் மீது எடை வந்து சேருமுன் மிதியைச் சட்டென உதைத்தாலோ, பிரேக்கிடும்போது சக்கரம் மேட்டில் ஏறித் துள்ளினாலோ, சக்கரத்தின் வேகம் ஒரு கணம் வெகுவாகச் சரிகிறது. தரை பனி படர்ந்தது என்று கணினி தவறாக முடிவுசெய்து அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. மிதி கல்லைப்போல் இறுகியிருக்கும். தானுந்தின் வேகமோ குறையாது. சாலை டயர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட மென்பொருளைப் பந்தய டயர்களுடன் பயன்படுத்தும்போதும், முன் பின் டயர்களின் விட்டத்தை மாற்றும்போதும் இக்கோளாறு நேரும் வாய்ப்பு கூடுகிறது.

3. தளர்ந்த தரை. சரளையிலும் புதுப்பனியிலும் இறுகிய சக்கரம் தனக்கு முன்னே மண்ணையோ பனியையோ குவித்துக்கொண்டு விரைவில் நிற்கும். இதனாலேயே 1980களின் ஔடி குவாட்ரோ வகைகள் சிலவற்றில் ஏ.பி.எஸ்ஸை நிறுத்தும் பொத்தான் ஆலையிலேயே வைக்கப்பட்டது. தார்த் தடங்களுக்கு இக்காரணம் பொருந்தாது.

4. எடைக்குறைப்பும் எளிமையும். முழுமையான பந்தயத் தானுந்தாக மாற்றும்போது கட்டுப்பாட்டகத்தையும் அதன் குழாய்களையும் அகற்றுவது உண்டு.

முடக்கும் முறைகள்

ஃபியூஸையோ ரிலேயையோ கழற்றுதல், சக்கர வேக உணரி ஒன்றின் இணைப்பைத் துண்டித்தல், மின்வழியில் தனி ஆளி பொருத்துதல், கட்டுப்பாட்டகத்தை முழுவதும் நீக்கிப் புதிய குழாய்கள் அமைத்தல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். வேக உணரியைத் துண்டித்தால் இழுவைக் கட்டுப்பாடும் நிலைப்புக் கட்டுப்பாடும் செயலிழக்கும். சில தானுந்துகளில் வேகமானியும் நின்றுவிடும்.

நிலைப்புக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் ஏ.பி.எஸ்ஸையும் நிறுத்திவிடும் என்று எண்ணுவது பொதுவான தவறு. எடுத்துக்காட்டாக, பி.எம்.டபிள்யூ ஈ46 எம்3 (2000-2006) வகையிலும், கார்வெட் சி5 (1997-2004) வகையிலும் அப்பொத்தானை அழுத்திய பின்னரும் ஏ.பி.எஸ் தொடர்ந்து இயங்கும்.

பிரேக் விசைப் பங்கீடு

பிரேக்கிடும்போது தானுந்தின் எடை முன்பக்கம் சாய்கிறது. சாயும் எடையின் பங்கு எதிர்முடுக்கத்தையும், ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கும் அச்சுகளுக்கிடையிலான தொலைவுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. நிற்கும்போது எடை முன்னும் பின்னும் சமமாக அமைந்த, ஈர்ப்பு மையம் 0.5 மீட்டர் உயரத்திலும் அச்சுகள் 2.5 மீட்டர் இடைவெளியிலும் உள்ள தானுந்து ஒன்றைக் கொள்வோம். காற்றழுத்த விசையைக் கணக்கில் எடுக்காவிடில், எடைப் பங்கீடு பின்வருமாறு அமையும் (எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காகத் தரப்பட்டுள்ளது):

- ஈரத் தரை, எதிர்முடுக்கம் 0.5: முன் 60%, பின் 40%
- உலர் தரை, சாலை டயர், எதிர்முடுக்கம் 1.0: முன் 70%, பின் 30%
- உலர் தரை, பந்தய டயர், எதிர்முடுக்கம் 1.3: முன் 76%, பின் 24%

பிரேக் விசையில் 35% எப்போதும் பின்சக்கரங்களுக்குச் செல்வதாகக் கொண்டால், எதிர்முடுக்கம் 0.75 ஆகும் வரை முன்சக்கரங்களே முதலில் இறுகும். அப்போது தானுந்து திரும்பாமல் நேராகச் செல்லும். மிதியைச் சற்றுத் தளர்த்தினால் கட்டுப்பாடு மீளும். எதிர்முடுக்கம் 0.75ஐத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிப் பின்சக்கரங்கள் முதலில் இறுகும். பின்பக்கம் பக்கவாட்டுப் பிடிப்பை இழப்பதால் தானுந்து சுழலத் தொடங்கும். இதைத் திருத்த ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

பழைய தானுந்துகளில் இதைத் தவிர்க்கப் பின்சக்கரக் குழாயில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் அடைப்பிதழ் ஒன்று இருந்தது. பிற்காலத் தானுந்துகள் பலவற்றில் அது நீக்கப்பட்டு, அப்பணி மின்னணு விசைப் பங்கீடு என்ற பெயரில் ஏ.பி.எஸ் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. கணினி பார்த்துக்கொள்ளும் என்பதால் பின்பிரேக்குகளுக்குத் தாராளமாகவே விசை வழங்கப்படுகிறது. ஃபியூஸைக் கழற்றியதும் கணினி போய்விடுகிறது. அதற்கு முன்பிருந்த அடைப்பிதழோ திரும்பி வருவதில்லை. ஆகவே ஏ.பி.எஸ் முடக்கப்பட்ட புதிய தானுந்து, ஏ.பி.எஸ் இல்லாமலே வடிவமைக்கப்பட்ட பழைய தானுந்துக்கு நிகரானதன்று.

மேற்கண்ட கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. டயரின் பிடிப்பு கூடக் கூடப் பின்சக்கரங்கள் மீதான எடை குறைகிறது. எனவே சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கையில் தெரியாத இக்குறை, நல்ல டயர்களுடன் தடத்தில் முழு வேகத்தில் பிரேக்கிடும்போதே வெளிப்படும். கருவிப் பலகையில் மஞ்சள் நிற ஏ.பி.எஸ் விளக்குடன் சிவப்பு நிறப் பிரேக் விளக்கும் எரிந்தால், விசைப் பங்கீடும் நின்றுவிட்டது என்று பல தானுந்துகளில் பொருள்.

பிற விளைவுகள்

சக்கரம் இறுகி இழுபட்டால் டயரின் ஒரே இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன்பின் அந்த டயர் கடுமையாக அதிரும். தேய்வு ஆழமானால் உள்ளிழைகள் வெளித்தெரிந்து டயரே பயனற்றுப் போகும்.

நிற்கும் தொலைவும் நீளக்கூடும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தானுந்து, உராய்வுக் கெழு 1.0 எனில் சுமார் 157 மீட்டரில் நிற்கும். சக்கரங்கள் இறுகியதால் கெழு 0.8 ஆகக் குறைந்தால் சுமார் 197 மீட்டர் தேவைப்படும். இடையிலுள்ள 40 மீட்டர், தடத்தின் ஓரத்திலுள்ள மணற்பரப்பைத் தாண்டித் தடுப்புச் சுவரை எட்டப் போதுமானதாக இருக்கலாம். மேலும், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி அழுத்தம் தருவது ஏ.பி.எஸ்ஸால் இயலும், ஒரே மிதியைக் கொண்ட மனிதரால் இயலாது. ஒருபக்கச் சக்கரங்கள் புல்லிலோ ஈரத்திலோ ஏறிவிடும்போது இவ்வேறுபாடு பெரிதாகிறது.

போட்டி விதிகள்

ஃபார்முலா 1 பந்தயங்களில் 1993 இல் வில்லியம்சு அணியின் எஃப்.டபிள்யூ15சி தானுந்து ஏ.பி.எஸ்ஸைப் பயன்படுத்தியது. ஓட்டுநரின் திறனுக்கு முதன்மை தரும் நோக்கில், 1994 முதல் அது இழுவைக் கட்டுப்பாடு முதலிய ஓட்டுநர் உதவிகளுடன் சேர்த்துத் தடைசெய்யப்பட்டது.

இதற்கு மாறாக, சாலைத் தானுந்துகளை அடிப்படையாகக் கொண்ட ஜி.டி3 வகுப்பில் ஏ.பி.எஸ் அனுமதிக்கப்பட்டுள்ளது. அங்கு தொழில்முறை ஓட்டுநர்களும் அதனுடனேயே ஓட்டுகின்றனர். பந்தயத்துக்கென உருவாக்கப்பட்ட இவ்வமைப்புகளில், குறுக்கீட்டின் அளவைத் தடத்தின் ஈரத்துக்கும் டயருக்கும் ஏற்ப ஓட்டுநரே திருகி ஒன்றால் மாற்றலாம்.

சட்ட நிலை

மூடிய தனியார் தடத்தில் ஏ.பி.எஸ் முடக்கம் பொதுவாகத் தட நிருவாகத்தின் விதிகளுக்கு உட்பட்டது. பொதுச்சாலையில் நிலை வேறு. ஐக்கிய அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு வகை முதல் எல்லா இலகு வாகனங்களிலும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம், அது ஏ.பி.எஸ்ஸின் உறுப்புகளைக் கொண்டே இயங்குகிறது. ஜெர்மனியில், பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்யப்பட்ட வாகனம் தன் இயக்க அனுமதியை இழக்கிறது. நூர்பர்கிரிங் தடத்தின் 20.8 கிலோமீட்டர் நீள வடக்கு வளையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நேரங்களில் சாலைப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்ட ஒருவழிச் சுங்கச் சாலையாகவே கருதப்படுவதால், அங்கும் இது பொருந்தும்.

மாற்று வழிகள்

ஏ.பி.எஸ்ஸை நிலையாக நீக்குவோர், பின்சக்கரக் குழாயில் திருகி மாற்றத்தக்க அழுத்தக் குறைப்பு அடைப்பிதழையோ, இரட்டை முதன்மை உருளைகளுடன் கூடிய சமநிலைத் தண்டையோ பொருத்துகின்றனர். முன்சக்கரங்களே முதலில் இறுகும்படி இவற்றைச் சீரமைத்து, டயர் மாறும்போதெல்லாம் மீண்டும் சரிபார்ப்பது முறை.

பழைய அமைப்பை நீக்கி அவ்விடத்தில் புதியதைப் பொருத்துவது மற்றொரு வழி. ஈ46 எம்3 வகையில் வந்த, கான்டினென்டல் டெவெசு நிறுவனத்தின் எம்.கே60 அமைப்பை அதற்கு முந்திய ஈ30, ஈ36 தலைமுறைத் தானுந்துகளில் பொருத்தும் வழக்கம் தட ஓட்டுநர்களிடையே பரவலாக உள்ளது. ஏ.பி.எஸ் மீதான குறை பல நேரங்களில் அதன் தலைமுறை மீதான குறையே என்பதற்கு இது சான்று.

பனி நிலைக் கோளாறைப் பெரும்பாலும் மிதியைப் பயன்படுத்தும் முறையாலேயே தவிர்க்கலாம். முதலில் மென்மையாக அழுத்தி எடை முன்சக்கரங்களுக்கு வந்தபின் முழு விசையையும் செலுத்த வேண்டும். கோளாறு நேர்ந்துவிட்டால் மிதியை ஒரு கணம் விட்டு மீண்டும் அழுத்த வேண்டும்.

மிதி இறுகாமல் பஞ்சுபோல் அமிழ்ந்து போனால் அது ஏ.பி.எஸ்ஸின் குறையன்று, பிரேக் எண்ணெய் கொதித்திருக்கக் கூடும். டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் தரம் கோரும் குறைந்த அளவு 155 பாகை மட்டுமே. இந்நிலையில் ஏ.பி.எஸ்ஸை முடக்குவதால் பயனில்லை. எண்ணெயை மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- வட்டு பிரேக்
- மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு
- இழுவைக் கட்டுப்பாடு
- உராய்வு

பகுப்புகள்: தானுந்துத் தொழில்நுட்பம் | தானுந்துப் பந்தயம் | வாகனப் பாதுகாப்பு