குறியும் திறவுகோலும்: குடுமியான்மலை தரும் பாடம்

செய்தியை அனுப்புவோனுக்கும் பெறுவோனுக்கும் இடையே பகைவன் நிற்கும்போது மறைகுறிக்குத் தேவை எழுகிறது. ஒற்றர்கள் சைகைகளாலும் மறையெழுத்தாலும் செய்தி அனுப்புவதைக் கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. எம்முறையாயினும் அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று குறி, மற்றொன்று அதன் திறவுகோல். குறி எவர் கையிலும் அகப்படலாம். திறவுகோலோ உரியவரிடமே இருத்தல் வேண்டும்.

திருமறையில் இதற்குச் சான்று எரேமியா 25:26இலும் 51:41இலும் வரும் 'சேசாக்கு' என்னும் பெயர். எபிரெய மொழிக்கு 22 எழுத்துகள். முதலெழுத்துக்கு ஈடாகக் கடையெழுத்தையும், இரண்டாம் எழுத்துக்கு ஈடாக 21ஆம் எழுத்தையும், இவ்வாறே பிறவற்றையும் மாற்றி எழுதுவது 'அத்பாஷ்' முறையாகும். பாபேல் என்பதன் மெய்யெழுத்துகள் ப, ப, ல. இரண்டாம் எழுத்தாகிய 'ப'வுக்கு ஈடு 'ஷ'. 12ஆம் எழுத்தாகிய 'ல'வுக்கு ஈடு 11ஆம் எழுத்தாகிய 'க'. இங்ஙனம் பாபேல் 'ஷேஷாக்' ஆயிற்று. ஆயினும் 51:41இல் பாபிலோன் என்னும் பெயரும் வெளிப்படையாகவே நிற்கிறது. எனவே மறைப்பது மட்டுமே இக்குறியின் நோக்கம் எனல் பொருந்தாது. திறவுகோலை அறிந்த ஒரு மக்கட்குழு இருந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

அக்குழு மறைந்துபோனால், மறைக்க எண்ணாத எழுத்தும் மறைபொருளாகிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இதனைக் காண்கிறோம். அங்குள்ள குடைவரைக் கோயிலின் அருகே, பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த இசைக் கல்வெட்டொன்று பல்லவக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு சுரங்களாக அது அமைந்துள்ளது. ஒவ்வொரு சுரமும் ச, சி, சு, செ என்றாற்போல நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகிறது. உருத்திராசாரியாரின் மாணவனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கரின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்பாரும், அதனை மறுப்பாரும் உளர்.

இக்கல்வெட்டு 1904இல் கண்டறியப்பட்டது, பி. ஆர். பண்டார்க்கர் இதனை ஆராய்ந்து பதிப்பித்தார். எழுத்துகளைப் படித்தாயிற்று, ஆனால் அவ்வுயிர்மாற்றங்களின் பொருள் குறித்து அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அவை நுண்சுருதிகளைக் குறிப்பன என்பர் சிலர். வீணை மீட்டும் வகைகளைக் குறிப்பன என்பர் வேறு சிலர். கல் அழியவில்லை; எழுத்தும் பெரும்பாலும் சிதையவில்லை. அழிந்தது ஆசிரியர் வாயினின்று மாணாக்கர் செவிக்குச் சென்ற பயிற்சியே. கற்பிப்பதற்கென்றே வெட்டப்பட்ட எழுத்து, கற்பிப்பார் இன்மையால் பூட்டுண்டு கிடக்கிறது.

திருப்பணியாளராகிய நாம் இதனைக் கருத்தில் கொள்ளல் நன்று. 'நீதிமானாக்கப்படுதல்', 'ஒப்புரவாகுதல்', 'பரிசுத்தமாகுதல்' என்னும் சொற்களை நாம் ஞாயிறுதோறும் பலிபீடத்தினின்றும் பிரசங்க பீடத்தினின்றும் மொழிகிறோம். அவற்றை எவரும் மறைத்து வைக்கவில்லை. எனினும் திடப்படுத்தல் வகுப்பில் அவற்றின் பொருளை விளக்காமல் மனப்பாடம் மட்டும் செய்விப்போமாயின், அடுத்த தலைமுறைக்கு அவை ஒலியாக மட்டுமே சென்று சேரும். வேதாகமம் அச்சில் நிலைத்திருப்பதனால் மட்டும் நம் கடமை முடிந்துவிடாது. வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா என்று எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு கேட்டார். கேட்டதோடு நில்லாமல், இரதத்திலேறி அவரோடு உட்கார்ந்தார். நம் பணியும் அதுவே.