கண்ணாடி நகரும் கலங்காத எழுதுகோலும்

கொடுங்கோன்மையைக் கண்டித்து எழுந்த நூல்கள் உலக இலக்கியத்தில் பல உள. ஆயினும், வரவிருக்கும் கொடுங்கோன்மையை முன்னரே உணர்ந்து கதையாக வடித்து, அதன் பொருட்டே இன்னலுற்றவர் சிலரேயாவர். அவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ருஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸம்யாத்தின் (1884-1937).

அவர் கப்பற் பொறியியல் கற்றவர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் ஜார் மன்னருக்கு எதிரணியில் நின்று சிறை சென்றார். அவர் விரும்பிய புரட்சி 1917இல் வென்றது. ஆனால் 1922இல் புதிய அரசும் அவரைச் சிறைப்படுத்தியது. முன்னர் அடைபட்டிருந்த அதே சிறையின் அதே நடைக்கூடத்திற்கே அவர் மீண்டும் வந்து சேர்ந்தார்! ஆட்சி மாறிற்று; சிறைக்கதவு மாறவில்லை.

அதற்கு முன்பே, 1920-21இல், 'நாம்' என்னும் புதினத்தை அவர் எழுதி முடித்திருந்தார். பன்னூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ஒரு நாட்டைப் பற்றிய கற்பனை அது. அந்நாட்டு மக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவர்கள் யாவும் கண்ணாடி. துயில் எழுவதும் உண்பதும் உலாவுவதும் அட்டவணைப்படியே. ஒரு கவளத்தை ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்பதும் சட்டம்! ஆள்பவனுக்கோ 'உபகாரி' என்று பெயர். ஆண்டுதோறும் எல்லோரும் ஒருமனதாக அவனையே தேர்ந்தெடுப்பர்.

டி-503 என்னும் பொறியாளன் ஒரு பெண்ணின் வாயிலாக விடுதலை வேட்கையை அறிகிறான். இறுதியில், கற்பனையாற்றலை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி, அனைவரையும் காட்டிக்கொடுக்கிறான். அவளை மும்முறை வதைக்கின்றனர். உடன் பிடிபட்டோர் பலர் முதல் வதையிலேயே வாய் திறந்துவிட, அவள் ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

வாசகர்களே, நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. உடலை அடக்க எந்த அரசாலும் இயலும். ஆனால், 'நீ செய்வதே சரி' என்று அடக்கப்பட்டவனே சொல்ல வேண்டும் என்பதே கொடுங்கோன்மையின் தீராப் பசி. அச்சொல்லை மறுப்பவர் தோற்றும் வென்றவராகிறார்.

தம் கதையில் வரும் அப்பெண்ணின் சோதனை பின்னர் ஆசிரியருக்கே நேர்ந்தது. தாய்நாட்டில் தடுக்கப்பட்ட அந்நூல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. 1927இல் அதன் சில பகுதிகளைப் பிராகிலிருந்து வந்த ருஷ்ய இதழொன்று வெளியிட்டது. அதனைக் குற்றமாகக் காட்டி, 1929இல் அவருக்கு எதிராகப் பெரும் கண்டன இயக்கம் எழுந்தது. சக எழுத்தாளர்களே முன்னின்று தூற்றினர். அவரோ பணியவில்லை; எழுத்தாளர் சங்கத்திலிருந்தே விலகினார். அதன்பின் அவருடைய நூல்களுக்கு அச்சகமும் இல்லை, நாடகங்களுக்கு அரங்கமும் இல்லை.

1931இல் அவர் ஸ்டாலினுக்கே நேரடியாக ஒரு மடல் வரைந்தார். எழுத முடியாத நிலை எழுத்தாளனுக்கு மரண தண்டனையே. அதற்கு மாற்றாகத் தம்மை நாட்டைவிட்டு வெளியேற விடுமாறு அதில் கேட்டார். மன்னிப்புக் கோரவில்லை. மாக்ஸிம் கார்க்கியின் பரிந்துரையால் அனுமதி கிட்டியது. பாரிஸ் மாநகரில் வறுமையோடு வாழ்ந்து, 1937இல் மறைந்தார்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அந்நூலைப் பற்றி மதிப்புரை எழுதினார். அவருடைய '1984' என்னும் புகழ்பெற்ற புதினம் 1949இல் வெளிவந்தது. ஸம்யாத்தினின் சொந்த நாட்டிலோ 'நாம்' 1988இல்தான் அச்சேறியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், அதனைத் தடுத்த சோவியத் அரசு இல்லாமற் போயிற்று. நூல் இருக்கிறது.